தேடலில் விட்டுப்போவது

ஓர் உரைக் கோப்பைத் திறந்து இரண்டு வரி அடித்துப் பாருங்கள். முதல் வரியில் மௌனம் என்று முறைப்படி அடியுங்கள். இரண்டாவது வரியில் ம-வுக்கு ஒற்றைக் கொம்பு போட்டு, அடுத்து ள-வை அடித்து, மெளனம் என்று முடியுங்கள். திரையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கும். பல எழுத்துருக்களில் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. இப்போது டெர்மினலில் உரை தேடும் கிரெப் கட்டளையைக் கொடுத்து, முதல் வரியிலிருந்து நகலெடுத்த மௌனத்தைத் தேடுங்கள். ஒரு வரிதான் வரும். பிழைச் செய்தி வராது, எச்சரிக்கை வராது. இரண்டாவது மௌனம் பெயருக்கேற்ப இருந்துவிடும்.

கட்டளை வரியில் உரை தேடுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். எந்தக் கருவி எத்தனை நொடியில் முடித்தது என்ற ஒப்பீடுகள் ஏராளம். அவற்றையெல்லாம் படித்த பிறகு எனக்குத் தோன்றியது இது: இந்தக் கருவிகளின் ஐம்பதாண்டு வரலாறே, எதைப் பார்க்காமல் விடலாம் என்று கண்டுபிடித்த வரலாறுதான். ஒருவர் பைட்டுகளைத் தாண்டிப் போனார், இன்னொருவர் வரிகளை, அடுத்தவர் கோப்புகளை. வேகமெல்லாம் இப்படி விட்டதில் வந்ததுதான். விட்டதோடு நமக்கு வேண்டியதும் சேர்ந்து போயிற்றா என்பதைத் தேடுகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆங்கில உரையில் தேடுகிறவருக்கு அது எப்போதாவது வரும் தொல்லை. தமிழில் தேடுகிறவருக்கு அன்றாடப் பாடு.

கிரெப் பிறந்த இடம் நியூ ஜெர்சி மாநிலத்து முர்ரே ஹில், பெல் ஆய்வுக்கூடம். அங்கே கென் தாம்சன் எழுதிய ‘எட்’ என்ற எடிட்டர் இருந்தது. வரிவரியாக வேலை பார்க்கும் எடிட்டர்; கட்டளையைத் தட்டினால் பதிலைக் காகிதத்தில் அடித்துத் தரும் டெலிடைப் காலத்துச் சரக்கு. அதில் கோப்பு முழுவதும் ஒரு வடிவத்தைத் தேடி, அகப்பட்ட வரிகளை அச்சிடச் சொல்ல வேண்டுமானால் முதலில் ஜி, பிறகு இரண்டு சாய்கோட்டுக்கு நடுவே தேடும் வடிவம், கடைசியில் பி. அந்த வடிவத்துக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர், சுருக்கமாக ஆர்ஈ. சாய்கோடுகளை எடுத்துவிட்டு ஒட்டிப் படித்தால் கிரெப். பெயர் வந்த வழி அவ்வளவுதான்.

நிரல் வந்த வழியை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டக் மெக்கில்ராய், கோப்புகளுக்குள் தேட ஒரு கருவி இருந்தால் நன்றாயிருக்கும் என்று தாம்சனிடம் கேட்டார். தாம்சன் ராத்திரி யோசித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, மறுநாள் கருவியோடு வந்தார். உண்மையில் தன் சொந்த உபயோகத்துக்கு ‘எஸ்’ என்ற பெயரில் அதை அவர் முன்பே வைத்திருந்தார். ஒட்டடை அடித்துக் கொடுத்ததுதான் அந்த இரவின் வேலை. அங்கேயே வேலை பார்த்த பிரையன் கெர்னிகன் சொல்லும் கதையில் கேட்டவர் இன்னொரு சகா, லீ மெக்மேகன். 1787-88இல் ஹாமில்டன், மாடிசன், ஜே மூவரும் ஒரே புனைபெயரில் எழுதிய 85 ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் எதை யார் எழுதியது என்ற பழைய தகராறு அவருக்கு ஆர்வம். அதில் 12 கட்டுரைகளுக்கு இரண்டு பேர் பாத்தியதை கொண்டாடினார்கள். கட்டுரைகள் மொத்தமும் ஒரு மெகாபைட்டைத் தாண்டும். பிடிபி-11 இயந்திரமோ ஒரு நேரத்தில் 64 கிலோபைட்டைத்தான் எட்டிப் பிடிக்கும். எட் எடிட்டரில் இந்த உரை கொள்ளவில்லை. எடிட்டரிலிருந்து தேடும் பகுதியை மட்டும் உருவி எடுத்து, கோப்பை வைத்துக்கொள்ளாமல் வரிவரியாகப் படித்து, பொருந்தினால் அச்சிட்டு, பொருந்தாவிட்டால் மறந்துவிடும் நிரலாக ஆக்கியதும் இடப் பிரச்சினை தீர்ந்தது.

இரண்டில் எது சரி என்று அடித்துச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே ஆண்டு இருவேறு மேசைகளில் நடந்திருக்கக்கூடியவை. ஆனாலும் மெக்மேகன் கதைதான் எனக்குப் பிடிக்கிறது. கிரெப்பின் முதல் வாடிக்கையாளர் சர்வர் லாகைத் தோண்டுகிறவர் அல்லர், பழைய உரையில் ஆசிரியரைத் தேடியவர் என்பதால். நம் ஊர்த் தமிழாசிரியருக்கு அது நன்றாகப் புரிகிற ஆர்வம்.

1973 நவம்பரில் வந்த யூனிக்ஸ் நான்காம் பதிப்பின் கையேட்டில் கிரெப் இருக்கிறது. அதே ஆண்டில்தான், அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலுக்குள் பாய்ச்சும் பைப் வந்தது. இரண்டும் சேர்ந்தது கிரெப்பின் அதிர்ஷ்டம். தேடு, வரிசைப்படுத்து, எண்ணு என்று மூன்று சின்ன நிரல்களைக் கோத்துவிட்டால் ஒரு மதிய நேர வேலை ஒரு வரியில் முடிந்தது. இன்றைக்கு அது வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. “கிரெப் பண்ணிப் பாத்தியா?” என்று கேட்காத மென்பொருள் அலுவலகம் சென்னையில் இருக்காது.

ஆனால் தாம்சன் அந்த இரவில் ஒரு முடிவையும் எடுத்தார், அல்லது எட் அவருக்காக எடுத்து வைத்திருந்தது: தேடலின் அலகு வரி. ஒரு சொற்றொடர் ஒரு வரியின் கடைசியில் தொடங்கி அடுத்த வரியில் முடிந்தால் கிரெப்புக்கு அது கிடையாது. லாகுக்கு இது பொருத்தம், அங்கே ஒரு நிகழ்ச்சி ஒரு வரி. பதிப்பித்த உரைநடைக்குப் பொருத்தமில்லை. மின்னூலாக்கியவர் பக்கத்தின் அகலத்துக்கு வரியை ஒடித்திருந்தால், இரண்டு சொல் சேர்த்துத் தேடும்போதெல்லாம் சில இடங்கள் விட்டுப்போகும்.

அடுத்தது வடிவம். ரெகுலர் எக்ஸ்பிரஷனைத் தமிழில் சுருங்குறித்தொடர் என்று எழுதுகிறவர்கள் உண்டு. பேச்சில் எல்லாருக்கும் ரெஜெக்ஸ். இதன் வேர் கணினியில் இல்லை, நரம்பில் இருக்கிறது. மெக்கல்லக்கும் பிட்ஸும் 1943இல் நரம்பணுக்களின் வலையைக் கணக்காக எழுதினார்கள். அப்படிப்பட்ட வலை எந்த மாதிரி நிகழ்ச்சித் தொடர்களை அடையாளம் காண முடியும் என்று கேட்டு, கணித மேதை ஸ்டீவன் கிளீனி 1956இல் வெளியான கட்டுரையில் ஒரு குறியீட்டு முறையை வகுத்தார். ‘எத்தனை முறையும் வரலாம்’ என்பதற்கு நாம் போடும் நட்சத்திரக் குறி அவருடைய பெயரால்தான் அழைக்கப்படுகிறது. 1968இல் தாம்சன் அந்தக் குறியீட்டை ஐபிஎம் 7094 இயந்திரத்தின் கட்டளைகளாக மாற்றும் வழியை ஒரு சிறு கட்டுரையாக எழுதினார்.

அந்த வழியின் சூட்சுமத்தைத் தெருவை வைத்துச் சொல்லலாம். ஊரில் பல சந்துகள் பிரிகின்றன, ஒன்றில்தான் நாம் தேடும் வீடு. ஒரே ஆள் ஒவ்வொரு சந்திலும் கடைசிவரை போய், இல்லையென்றால் முக்குக்குத் திரும்பி அடுத்ததில் நுழைவது ஒரு முறை. சந்து பிரியும்போதெல்லாம் ஓர் ஆளை அனுப்பி, எல்லாரையும் ஒரே நேரத்தில் ஓரடி ஓரடியாக நடக்கவிடுவது தாம்சன் முறை. இதில் யாரும் திரும்ப வேண்டியதில்லை. ஒரே இடத்தில் இரண்டு பேர் சந்தித்தால் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். உரை எவ்வளவு நீளமோ அந்த விகிதத்தில்தான் நேரம் ஆகும்.

விசித்திரம் என்னவென்றால், பின்னால் வந்த பெர்ல், பைத்தான், ஜாவா எல்லாம் முதல் முறைக்கே போய்விட்டன. முன்பு பிடித்த துண்டையே மறுபடி பொருத்திப் பார்ப்பது போன்ற வசதிகளைத் தர அந்த முறைதான் எளிது. நிரலாளர் ரஸ் காக்ஸ் 2007இல் இதை ஓர் உதாரணத்தால் தோலுரித்தார்: 29 எழுத்து நீளமுள்ள உரையில் ஒரு வடிவத்தைப் பொருத்த அன்றைய பெர்ல் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது, தாம்சன் முறைக்கு 20 மைக்ரோவினாடி போதுமாயிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளியவர்களுக்கு 2016 ஜூலை 20 அன்று பதில் கிடைத்தது. யாரோ எழுதிய உரைக்குள் ஏறக்குறைய 20,000 வெற்றிடங்கள் வரிசையாக இருந்தன. ஓரங்களில் இருக்கும் வெற்றிடத்தை வெட்டும் ஒரு சாதாரண ரெஜெக்ஸ், ஒவ்வொரு இடத்திலிருந்தும் தொடங்கி, முடிவுக்குப் போய், தோற்று, திரும்பி, சுமார் 20 கோடி சரிபார்ப்புகளில் சிக்கிக்கொண்டது. அந்த உரை இருந்த, நிரலாளர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃபுளோ தளம் 34 நிமிடம் படுத்தது. 2019 ஜூலை 2 அன்று இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃபிளேரும் இதே நோயில் 27 நிமிடம் விழுந்தது. கிரெப் பயன்படுத்துகிறவர்கள் இதைப் படித்துக் கொஞ்சம் மார்தட்டிக்கொள்ளலாம்: 1968இன் யோசனை இந்த ஒரு பிழையிலிருந்து அவர்களைப் பெரும்பாலும் காத்தது.

கிரெப்புக்கு இரண்டு தம்பிகள் வந்தார்கள். ஆல்ஃபிரட் ஆஹோ எழுதிய ஈகிரெப், தெரு வரைபடத்தைப் போகப்போக வரைந்து வைத்துக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஓர் ஆள் நடந்தால் போதும். எஃப்கிரெப் ரெஜெக்ஸே வேண்டாம், நூற்றுக்கணக்கான சொற்களின் பட்டியலை ஒரே ஓட்டத்தில் தேடு என்பவர்களுக்கானது. அதன் பின்னால் இருக்கும் ஆஹோ–கோராசிக் முறை 1975இல் வந்தது. மார்கரெட் கோராசிக்குக்கு நூல் விவரப் பட்டியல்களில் ஏராளமான சொற்களை ஒன்றாகத் தேட வேண்டியிருந்ததுதான் காரணம். மறுபடியும் ஒரு நூலகக் கேள்வி. பின்னாளில் தம்பிகள் இருவரும் அண்ணன் வீட்டிலேயே ‘மைனஸ் ஈ’, ‘மைனஸ் எஃப்’ என்று ஒண்டுக் குடித்தனம் போனார்கள். கிரெப்பின் கட்டற்ற மென்பொருள் வடிவமான குனு கிரெப்பின் 3.8 பதிப்பு, 2022இல், பழைய பெயரைத் தட்டினால் இந்தப் பெயர் வழக்கொழிகிறது என்று முணுமுணுக்கத் தொடங்கியது. விரல் பழகிப்போன என்னைப் போன்றவர்களுக்கு அது இன்னும் எரிச்சல்தான்.

‘பார்க்காமல் விடு’ என்ற கலையின் முதல் பெரிய பாய்ச்சல் 1977. ராபர்ட் பாயரும் ஜே மூரும் சொன்னது இவ்வளவு: பத்தெழுத்துச் சொல்லைத் தேடுகிறாயா, முதல் எழுத்தைப் பார்க்காதே, பத்தாவது இடத்தைப் பார். அங்கே இருக்கும் எழுத்து நீ தேடும் சொல்லில் எங்குமே இல்லையென்றால், நடுவில் இருக்கும் ஒன்பதையும் திறந்துகூடப் பார்க்க வேண்டாம். பத்து இடம் தாண்டு. தேடும் சொல் நீளமாக ஆக ஆகத் தேடல் வேகமாகும் என்ற தலைகீழ் அதிசயம் இதனால் வருகிறது. 1988 வாக்கில் குனு கிரெப்பை எழுதிய மைக் ஹேர்டல் இதன்மேல் இன்னொன்றைச் சேர்த்தார். உரையை வரிகளாகப் பிரிப்பதற்கே ஒவ்வொரு பைட்டையும் பார்த்தாக வேண்டுமே. அதனால் முதலில் பிரிக்காதே, சொல் அகப்பட்ட பிறகு முன்னும் பின்னும் போய் வரியின் எல்லையைத் தேடிக்கொள்.

இங்கே தமிழுக்கு ஒரு சின்ன வரி விதிக்கப்படுகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். அதில் முதல் பைட் எல்லாக் குறிக்கும் ஒன்றே. இரண்டாவது இரண்டில் ஒன்று. மூன்றாவதில்தான் க-வா ச-வா என்ற வித்தியாசம். பத்தாவது இடத்தில் எட்டிப் பார்க்கிற கருவி, மூன்றுக்கு இரண்டு முறை எங்கும் இருக்கும் பைட்டையே பார்த்து, ஓரிரு அடி மட்டும் நகர்கிறது. இன்றைய கணினியில் அந்த நஷ்டம் கண்ணில் படாது. ஆனாலும் இதே யூடிஎஃப்-8தான் நம்மைக் காப்பாற்றவும் செய்கிறது. எந்த எழுத்தின் நடுப் பைட்டும் இன்னோர் எழுத்தின் தொடக்கமாக மயங்காதபடி அது அமைக்கப்பட்டிருப்பதால், தமிழ் என்ற பெயரையே கேள்விப்படாத பழைய கிரெப்பும் ஒரு தமிழ்ச் சொல்லைப் பைட் வரிசையாகச் சரியாகவே கண்டுபிடிக்கும். 1992 செப்டம்பரில், நியூ ஜெர்சியின் ஓர் உணவு விடுதியில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் அந்த அமைப்பை எழுதிக் காட்டியவர் யார் தெரியுமா? அதே கென் தாம்சன். எதிரே ராப் பைக்.

சொல்லை அப்படியே தேடும்வரை இந்தப் பாதுகாப்பு நிற்கும். ரெஜெக்ஸ் வந்ததும் கவனம் வேண்டும். கிரெப்பை வேகப்படுத்த, மொழிச் சூழலைக் குறிக்கும் லோகேலை ‘சி’ என்று மாற்றிவிடு என்பது நெடுநாளைய வைத்தியக் குறிப்பு. அப்போது கிரெப் எழுத்தை மறந்து பைட்டை மட்டும் பார்க்கும். அந்த நிலையில் சதுர அடைப்புக்குள் க, ங என்று இரண்டெழுத்தைப் போட்டு ‘இதில் ஏதாவது ஒன்று’ என்று தேடிப் பாருங்கள். தமிழ் இருக்கும் அத்தனை வரியும் வந்து கொட்டும். அடைப்புக்குள் இருப்பது இரண்டெழுத்து என்று நாம் நினைக்கிறோம். கருவிக்கு அவை ஆறு பைட், அதில் முதல் பைட் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் பொது.

2000-க்குப் பிறகு போட்டி பைட்டிலிருந்து கோப்புக்கு மாறியது. நிரல் எழுதுகிறவரின் கோப்புறையில் அவர் எழுதியது கொஞ்சம், கருவிகள் உருவாக்கித் தள்ளிய குப்பை மலை. ஆண்டி லெஸ்டர் 2005இல் எழுதிய ஆக், குப்பையைத் தானாகவே தவிர்த்தது. 2011இல் ஜெஃப் கிரியரின் ஏஜி. வெள்ளியின் வேதியியல் குறியீட்டையே பெயராக வைத்துக்கொண்டு, ஆக்கைவிட ஓர் எழுத்து குறைச்சல் என்று பெருமைப்பட்டது. 2016இல் ஆண்ட்ரூ கேலன்ட் ரஸ்ட் மொழியில் எழுதிய ரிப்கிரெப், தாம்சன் வழிவந்த இயந்திரம், ஒரே கட்டளையில் பல பைட்டுகளை ஒப்பிடும் இன்றைய சில்லுகளின் திறன், நிரலின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் கருவி புறக்கணிக்கச் சொன்ன கோப்புகளை மதிக்கும் நாகரிகம் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தது. விஎஸ் கோட் எடிட்டரில் ‘எல்லாக் கோப்பிலும் தேடு’ என்று அழுத்தும்போது பின்னால் ஓடுவது இதுதான். தெரியாமலே பயன்படுத்துகிறவர்கள் தெரிந்து பயன்படுத்துகிறவர்களைவிட அதிகம்.

நான் தினமும் கையில் எடுப்பது ரிப்கிரெப்பைத்தான். ஆனால் அதன் இயல்பான நடத்தையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்பு, கிட் புறக்கணிக்கும் கோப்பு, பைனரி என்று அது சந்தேகப்படும் கோப்பு, மூன்றையும் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். தேடியது இல்லை என்று அது சொன்னால், ‘நான் பார்த்த இடத்தில் இல்லை’ என்று அர்த்தம். பழைய கிரெப் மைனஸ் ஆர் எல்லாவற்றையும் நோண்டிக் குப்பையைக் கொட்டும், ஆனால் இல்லை என்றால் பெரும்பாலும் இல்லைதான். ரிப்கிரெப்பில் மைனஸ் யூ-வை மூன்று முறை சேர்த்துப் போட்டால் வடிகட்டிகள் எல்லாம் கழன்றுவிடும். ‘இல்லை’ என்ற பதிலை நம்பி ஒரு கோப்பை அழிக்கப் போகிறீர்கள் என்றால் அதைப் போடாமல் அழிக்காதீர்கள்.

எதையும் திறக்காமலே தேடுவது இன்னும் ஒரு படி மேல். முன்கூட்டியே ஓர் அடைவு தயாரித்து வைத்துக்கொள்வது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஊடி மேன்பரும் சன் வூவும் 1990-களின் தொடக்கத்தில் செய்த கிளிம்ப்ஸ், உரையின் அளவில் நூற்றுக்குச் சில பங்கே வரும் சின்ன அடைவை வைத்து, எந்தக் கோப்புகளைத் திறக்கலாம் என்று மட்டும் முடிவு செய்தது. கூகுள் 2006இல் தொடங்கிய கோட் சர்ச்சின் உட்புறத்தை, அது மூடப்பட்ட 2012இல் ரஸ் காக்ஸ் விளக்கி எழுதினார். அடுத்தடுத்த மூன்று பைட் கொத்துகளை அடைவாக்கி, தேடும் வடிவத்தின் எல்லாக் கொத்தும் இருக்கும் கோப்பை மட்டும் திறப்பது. ஆங்கிலத்தில் மூன்று பைட் மூன்றெழுத்து. தேவையில்லாத கோப்புகளை நன்றாகவே கழிக்கும். தமிழில் மூன்று பைட் ஒரே ஒரு குறி. ‘க இருக்கிற கோப்புகளை மட்டும் திற’ என்றால் எந்தத் தமிழ்க் கோப்பு கழியும்? பைட் கணக்கில் போட்ட நுட்பம் மொழி மாறியதும் பல்லிளிப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நான் பார்த்ததில்லை.

தமிழில் ஓர் எழுத்து என்பது என்ன? இந்தக் கேள்விக்குப் பள்ளிப் பிள்ளை சொல்லும் பதிலும் கணினி சொல்லும் பதிலும் வேறு. ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடு கணக்கில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறி. கோப்பில் பதினைந்து பைட். ரெஜெக்ஸில் புள்ளி வைத்தால் ‘ஏதாவது ஓர் எழுத்து’ என்று பாடப்புத்தகம் சொல்லும். மூன்று புள்ளி வைத்து மூன்றெழுத்துச் சொற்களைத் தேடினால் ‘தமிழ்’ வராது, ‘கண்’ போன்ற இரண்டெழுத்துச் சொற்கள் வந்து நிற்கும். பைத்தானின் ரீ தொகுதி இன்னும் மோசம். சொல்லின் உறுப்பாக எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே அது ஏற்கும். கொக்கியும் புள்ளியும் எழுத்தல்ல. சொற்களைப் பிரித்துக் கொடு என்று ‘தமிழ்’ஐக் கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டைக் கையில் வைக்கும். ரிப்கிரெப் இதில் ஒழுங்கு. யூனிகோடு பரிந்துரைப்படி துணைக்குறிகளையும் சொல்லின் பகுதியாகவே எண்ணும். முழுச்சொல் மட்டும் வேண்டும் என்று மைனஸ் டபிள்யூ போட்டுத் தேடும்போது இந்த வேறுபாடு உயிர் நாடி.

ஒரு சொல்லைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு நூலில் மரத்தைப் பற்றி எங்கெல்லாம் வருகிறது என்று அறிய வேண்டும். ‘மரம்’ என்று தேடினால் மரம் மட்டும்தான். ‘மரமும்’ வராது, ஏனென்றால் புள்ளி போய் உகரம் வந்துவிட்டது. புள்ளியை எடுத்துவிட்டு ‘மரம’ என்று தேடினால் மரமும், மரமே, மரமாக எல்லாம் வரும். மரத்தடி, மரங்கள், மரக்கிளை, மரப்பட்டை வராது. சரி, ‘மர’ என்று சுருக்கினால்? மரம் எல்லாம் வரும், கூடவே அமரர், குமரன், சமரசம் வரும். இவையாவது கண்ணுக்குத் தெரிந்த ‘மர’. மருந்தும் மரியாதையும்கூட வரும். கணினிக்கு ‘மரு’ என்பது ம, ர, பிறகு உகரக் குறி. முதல் இரண்டும் ‘மர’தானே! இதைத் தடுக்க, ர-வுக்குப் பின் துணைக்குறி எதுவும் வரக்கூடாது என்று சொல்ல வேண்டும். யூனிகோடு அட்டவணையில் துணைக்காலில் தொடங்கிப் புள்ளியில் முடியும் ஒரே வரிசையில் எல்லா உயிர்க்குறிகளும் அடங்குவது ஒரு வசதி. அந்த வீச்சைச் சதுர அடைப்பில் போட்டு, முன்னால் தொப்பிக் குறி வைத்துவிட்டால் ரிப்கிரெப் மருந்தையும் மரியாதையையும் கழித்துவிடும். சொல்லின் தொடக்கத்துக்கு எல்லைக் குறியும் சேர்த்தால் குமரனும் போய்விடுவார். ஆனால் ‘பனைமரம்’, ‘ஆலமரம்’ இரண்டும் அவரோடு சேர்ந்து வெளியேறிவிடும்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை பழந்தமிழ் இலக்கியத்துக்கு மூன்று தொகுதிகளாக ஒரு சொல்லடைவு வெளியிட்டது. அப்படியொரு அடைவைத் தயாரிக்கிறவர் மரத்தையும் மரங்களையும் எந்தத் தலைச்சொல்லின்கீழ் வைப்பது, சந்தியை எங்கே பிரிப்பது என்று ஒவ்வொன்றிலும் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். கிரெப் எந்தத் தீர்ப்பும் சொல்லாது. அந்த வேலையை ரெஜெக்ஸ் எழுதுகிறவர் தலையில் கட்டிவிடும். அவர் சந்தி பிரித்த பதிப்புக்கு எழுதிய வடிவம், பிரிக்காத பதிப்பில் பாதியை விட்டுவிடும்.

எழுத்துப்பிழைக்கு மேன்பரும் வூவும் செய்த ஏகிரெப் ஒரு மருந்து. ‘ஒரு பிழை இருந்தாலும் பரவாயில்லை’ என்று சொல்லித் தேடலாம். தற்செயலான நல்வினை ஒன்று இதில் உண்டு: நாம் அதிகம் தடுமாறும் ல-ள-ழ, ர-ற, ந-ன-ண எல்லாமே யூடிஎஃப்-8இல் மூன்றாவது பைட்டில் மட்டும் வேறுபடுகின்றன. பைட் கணக்குப் பார்க்கும் கருவிக்கு ‘பழம்’ ‘பலம்’ ஆவது ஒற்றைப் பிழை. துணைக்கால் ஒன்று விட்டுப்போனாலோ அது மூன்று பிழை.

எழுத்துருச் சிக்கல் பெரிய கதை. தேடலுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி குறியாக்கத்தில் உள்ள கோப்பை யூடிஎஃப்-8 சூழலில் கிரெப்பிடம் கொடுத்தால் முறையற்ற பைட் என்று கருதி ‘பைனரி’ முத்திரை குத்திவிடும். 1998 பொங்கல் முதல் மின்னூல் சேர்க்கும் மதுரைத் திட்டம், முதலில் டிஸ்கியில் தந்து பிறகு யூனிகோடுக்கு வந்தது. அந்தக் காலத்தில் இறக்கி வைத்த கோப்புகள் பலர் வட்டில் இன்னும் இருக்கும். தேடினால் ‘இல்லை’ என்று பதில் வரும்.

யூனிகோடுக்கு மாறிய பிறகும் ஒரே எழுத்துக்கு இரண்டு வழி. ‘கொ’வை க-வோடு ஒகரக் குறி என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம், க, கொம்பு, கால் என்று மூன்றாகவும் வைக்கலாம். யூனிகோடு இரண்டும் சமம் என்கிறது, கிரெப் சமமில்லை என்கிறது. யூனிகோடைக் கையாளும் ஐசியூ தொகுப்பில் வரும் யூகான்வ் கட்டளையால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு தேடினால் இது தீரும். ஸ்ரீ அப்படித் தீராது. அதை ஸ-வில் தொடங்குகிறவர்களும் உண்டு, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்குகிறவர்களும் உண்டு. எழுத்துரு இரண்டையும் ஒன்றுபோலக் காட்டும், ஆனால் அவை சமம் என்று எந்த விதியும் இல்லை. அடைப்பில் இரண்டையும் போட்டுத்தான் தேட வேண்டும்.

தொடக்கத்தில் பார்த்த மௌனமும் தீராத வகைதான். பழைய தட்டச்சுப் பொறியில் ஔகாரத்தின் பின்பாதிக்குத் தனி விசை கிடையாது, ள-வையே அடிப்பார்கள். விரல் அந்தப் பழக்கத்தோடு கணினிக்கு வந்துவிட்டது. கௌதமன் கெளதமன் ஆனார், ஔவையார் ஒளவையார் ஆனார். யூகான்வ் இதைத் தொடாது. அதன் பார்வையில் இரண்டும் முறையான, வெவ்வேறு எழுத்து வரிசைகள்.

ஒரு முறை எனக்குப் பொறுமை போய்விட்டது. பல ஆண்டுக் கட்டுரைகள் இருந்த கோப்புறை ஒன்றில் கொம்பு போட்ட ‘கெள’வையெல்லாம் ‘கௌ’ ஆக்கும்படி ஒரே வரியில், உரையை மாற்றித் தரும் செட் கட்டளை கொடுத்தேன். செட் நிரலும் லீ மெக்மேகன் எழுதியதுதான், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கௌதமன்கள் அத்தனை பேரும் ஒழுங்கானார்கள். ஒரு மாதிரிக்கு நாலைந்து கோப்பைத் திறந்து பார்த்துத் திருப்தியாக மூடினேன். சில வாரம் கழித்து அதிலிருந்து ஒரு சமையல் கட்டுரையை எடுத்து அச்சுக்கு அனுப்பியபோது, பக்கம் அமைப்பவர் கூப்பிட்டு, குழம்பில் போட வேண்டிய மீனின் பெயரில் ஒரு பொட்டு வட்டமும் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் உகரமும் தெரிகிறதே, இது என்ன மீன் சார் என்று கேட்டார். கெளுத்தி.